காலி செய்த வீடும் கழியாத கணக்கும்

குடியிருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனபின், அவர் வைத்துப்போன வாடகைப் பாக்கியையும் அவர் காலத்தில் வீட்டுக்கு நேர்ந்த சேதத்தின் செலவையும் எவ்விதம் பெறுவது என்று என்னிடம் விசாரிக்கும் நண்பர்கள் அநேகமாக எல்லோருமே கோபம் தணியாத நாளில்தான் விசாரிக்கிறார்கள். அந்தக் கோபம் அநியாயமானது என்று நான் ஒருபோதும் சொல்லத் துணியேன். ஓய்வூதியம் இல்லாத முதியவருக்கும், கணவனை இழந்து தனித்திருக்கும் பெண்மணிக்கும், மாடிப் போர்ஷனிலிருந்து மாதந்தோறும் வரும் தொகைதான் அரிசிக்கும் மருந்துக்கும் ஆதாரமாயிருக்கிறது என்பதையும், அது நான்கு மாதம் வராமல் நின்றபிறகு உடைந்த வாஷ்பேசினோடு வீடு திரும்பக் கிடைக்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பதையும், அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆயினும், பல குடும்பங்களின் இத்தகைய விவகாரங்களைக் கவனித்ததில் என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு: இழந்தது அவ்வளவையும் ஒரே பட்டியலில் அடக்கிக் கேட்பவரைக் காட்டிலும், கேட்கத் தகுந்தது இன்னதென்று தாமே முதலில் நிர்ணயித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்காதவருக்கே பணம் வந்து சேரும் சாத்தியம் அதிகம். அதைப் பற்றித்தான் இன்று சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

சென்னையில் இந்தப் பிரச்சினை முன்பு இவ்வளவு பரவலாகக் காதில் விழாததற்கு அட்வான்ஸ் முக்கிய காரணம். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1941-இல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அதன் வழிவந்த 1946, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் 1960-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமாக வாங்கலாகாது என்றே விதித்திருந்தது. ஊர் வழக்கமோ பத்து மாதம். சட்டம் ஒருபுறமும் வழக்கம் மறுபுறமுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியதில், குடியிருப்பவர் சில மாதம் வாடகை தராமல் போனாலும் சொந்தக்காரருக்கு நஷ்டம் இல்லை. கஷ்டமெல்லாம், மீதி அட்வான்ஸைத் திரும்பப் பெற நடையாய் நடந்த குடித்தனக்காரருக்குத்தான். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 அன்று அமலுக்கு வந்த புதிய தமிழ்நாட்டுச் சட்டம், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது கூடாது என்கிறது. நல்ல ஏற்பாடுதான், இளந்தம்பதிகள் நகையை அடகு வைத்து வீடு பிடிக்கும் நிர்ப்பந்தம் இதனால் குறையும் என்பதால் நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மூன்று மாத முன்பணத்தை நான்கு மாதப் பாக்கி எளிதாக விழுங்கிவிடுகிறது என்பதும், அதற்கு மேற்பட்டதை வெளியேறியவரைத் தேடித்தான் வாங்கவேண்டியிருக்கிறது என்பதும் இதன் மறுபக்கம்.

என் அக்காவின் வீட்டில் நேர்ந்ததை உதாரணமாகச் சொல்கிறேன். மேற்கு மாம்பலத்தில் கீழ்ப்பகுதியில் அவள் இருக்கிறாள். மாடி வாடகைக்கு விடப்பட்டது. மாதம் 18,000 ரூபாய், முன்பணம் 54,000. குடியிருந்தவர் கண்ணியமானவர், தனியார் நிறுவனத்தில் வேலை. வேலையில் ஏதோ சங்கடம் ஏற்பட்டு நான்கு மாத வாடகை நின்றுபோயிற்று. பின்னர், ஊரின் வேறொரு கோடியில் சிறிய வீடு பார்த்துக்கொண்டு, "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன், அம்மா" என்று சொல்லிக் குடும்பத்தோடு போனவர், சில வாரங்களில் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மாடியைத் திறந்து பார்த்தபோது சுவர்களின் கோலமும் குளியலறையின் நிலைமையும் எல்லோரையும் திகைக்கவைத்தன. பெயிண்டரையும் பிளம்பரையும் அழைத்து அன்று மாலையே வீட்டார் போட்ட பட்டியலில் சேதத்தின் மதிப்பு மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதை அப்படியே வக்கீல் நோட்டீஸாக அனுப்பிவிட வேண்டும் என்பது மருமகனின் அபிப்பிராயம்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108 ஆம் பிரிவில், குத்தகைக்கோ வாடகைக்கோ எடுத்தவர் சொத்தைத் தாம் பெற்றுக்கொண்ட நிலையிலேயே காப்பாற்றித் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லும்போதே, நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானத்தையும் தடுக்க முடியாத சக்தியால் வரும் மாறுதலையும் அந்தக் கடமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஒரு குடும்பம் ஐந்தாறு வருஷம் சமைத்து, குளித்து, குழந்தைகளை வளர்த்து வாழ்ந்த வீடு அந்த வாழ்வின் அடையாளம் எதுவுமில்லாமல் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்க்கச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை, மனுஷ சுபாவமும் இடங்கொடாது. அந்த உபயோகத்துக்குத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினோம்! 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதை இன்னும் தெளிவாகப் பிரித்துத் தருகிறது. கட்டடத்தின் அமைப்பைச் சேர்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சார ஒயரிங் ஆகியவை, குடியிருப்பவரே கெடுத்தாலன்றி, சொந்தக்காரரின் பொறுப்பு. குழாய்த் திருகும் அதன் வாஷரும், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், கெய்சர், சுவிட்சு, பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இவைகளின் பழுது குடியிருப்பவரின் பொறுப்பு. வாடகைக்கு விடுகிற ஒவ்வொருவரும் இந்த அட்டவணையை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் எத்தனையோ மனஸ்தாபம் குறையும்.

ஆகவே அக்காவும் நானும் பட்டியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், அறை அறையாக நின்று, ஒவ்வொன்றின் முன்னும் இது காலத்தால் வந்ததா, கையால் வந்ததா என்று கேட்டுக்கொண்டோம். வீடு முழுவதும் பெயிண்ட் அடிப்பதற்குப் போட்டிருந்த 65,000 ரூபாய் முதலில் அடிபட்டது. சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு காலத்தின் வேலை. குளியலறையில் எழும்பி நின்ற டைல்ஸ், அடியிலிருந்த சிமெண்ட் பிடிப்பு விட்டதனால் எழும்பியது. அதற்குக் குடியிருந்தவர் என்ன செய்வார்? மோட்டார் காயில் எரிந்துபோனது, இரண்டு போர்ஷனுக்கும் பொதுவான பழைய மோட்டாரில். இவை யாவும் நீங்கின.

மற்றவற்றில், ஏ.சி.யைக் கழற்றும்போது சுவரின் பூச்சு பெரிய அளவில் பெயர்ந்து விழுந்திருந்தது; அந்த ஒரு சுவரைப் பூசி வர்ணம் தீட்ட 4,500. ஜன்னல் கண்ணாடி இரண்டு, 1,800. படுக்கையறைக் கதவின் பூட்டு, 1,200. கொசுவலைகள், 2,000. வாஷ்பேசின் விஷயத்தில்தான் விவாதம் நீண்டது. அது நடுவே விரிசல் கண்டிருந்தது; கனமான பொருள் எதுவோ விழுந்திருக்கவேண்டும் என்பதில் சந்தேகமில்லை. புதியது பொருத்த 6,000 ஆகும். ஆனால் உடைந்தது எட்டு வருஷப் பழையது. பழைய பொருளை இழந்தவர் புதிய பொருளின் முழு விலையைப் பெற்றால், நஷ்டம் ஈடாவதோடு நில்லாமல் லாபமும் சேர்ந்துவிடுகிறது. 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73 ஆம் பிரிவில் தருவது நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு மாத்திரமே. அதோடு, நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளத் தன் கையில் இருந்த வழிகளை இழந்தவர் கையாண்டாரா என்பதையும் கவனிக்கச் சொல்கிறது. பாதி விலை, 3,000 என்று முடிவு செய்தோம். சேதம் மொத்தம் 12,500 ஆயிற்று. வாடகைப் பாக்கி 72,000. கடைசி மின்கட்டணம் 3,200. மின் இணைப்பு அக்காவின் பெயரில் இருந்ததால் அவள்தான் அதைக் கட்டியிருந்தாள். ஆக 87,700. முன்பணம் 54,000 போக, கேட்க வேண்டியது 33,700.

ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம் என்று மனத்தில் பதிந்துபோன பிறகு முப்பத்துமூவாயிரத்துச் சொச்சத்தைக் கேட்பது தோல்வி போலத் தோன்றும். என் மருமகனுக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால், முதற்பட்டியலைக் கையில் வாங்கும் மனிதர் எந்த வரியை முதலில் பார்ப்பார் என்று யோசிக்கவேண்டும். தாம் செய்யாத குற்றத்துக்கு எழுதப்பட்ட வரி அவர் கண்ணில் பட்ட மறுகணமே, தாம் உண்மையாகவே தரவேண்டிய வாடகையும் அநியாயக் கோரிக்கையின் ஒரு பகுதியாக அவருக்குத் தெரியத் தொடங்குகிறது. அதற்கப்புறம் அவர் தரமறுப்பதற்கு அவருடைய மனச்சாட்சியே துணைநிற்கிறது. அந்தத் துணையை நாமாக அவருக்கு அளிப்பானேன்?

கணக்கு நியாயமானதாக இருந்தால் மட்டும் போதாது, காட்டக்கூடியதாகவும் இருக்கவேண்டும். காலஞ்சென்ற என் அத்தான் எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். வீடு கொடுக்கும் அன்றே மின்விசிறி, விளக்கு, குழாய், கண்ணாடி, பூட்டு என்று ஒவ்வொன்றையும் அதன் நிலைமையோடு எழுதி, குடிவருபவரின் கையெழுத்தையும் வாங்கி ஒப்பந்தத்தோடு தைத்து வைப்பது அவர் வழக்கம். அந்த ஒரு தாள் இல்லாதிருந்தால், பின்னால் எடுத்த புகைப்படங்கள் எத்தனை இருந்தும், அந்தப் பொருள்கள் முன்பு நன்றாக இருந்தன என்பதற்கு அவை சாட்சியாகமாட்டா. வெளியேறும் நாளிலும் இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்து இன்னொரு தாளில் கையெழுத்திடுவது உத்தமம். வங்கிக் கணக்குப் புத்தகம், மின்கட்டண ரசீது, பழுது பார்த்தவர்களின் பில், வாட்ஸ்அப்பில் "தந்துவிடுகிறேன்" என்று அவர் எழுதிய வாசகம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக்கொள்ள வேண்டும். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு, 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63 ஆம் பிரிவின்படி சான்றிதழ் ஒன்றும் இணைக்கவேண்டும் என்பதால், செய்திகள் இருக்கும் தொலைபேசியைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

செய்யக்கூடாத சில காரியங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் நல்ல குடும்பத்து மனிதர்களும் கோபத்தில் இவற்றைச் செய்துவிடுகிறார்கள். குடியிருப்பவர் வெளியேறுமுன் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைப் புதிய சட்டம் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. பாக்கிக்கு ஈடாக ஃபிரிட்ஜையோ சர்ட்டிபிகேட்டுகளையோ பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் பாத்தியதை இல்லை. அவருடைய அலுவலகத்துக்குப் போய்ச் சக ஊழியர்கள் முன்னிலையில் கேட்பதும், சம்பந்தி வீட்டுக்குத் தொலைபேசி செய்வதும் பணத்தைக் கொண்டுவருவதில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தைக் குலைக்க மட்டும் உதவும். போலீஸ் நிலையமும் இதற்கு உரிய ஸ்தலம் அன்று: வாடகை செலுத்தாமல் இருப்பதற்கு உரிமையியல் விளைவுகள் உண்டேயன்றி அது மாத்திரமே கிரிமினல் குற்றமாகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாக்கிக்காகக் கொடுக்கப்பட்ட காசோலை பணமின்றித் திரும்பினால் விஷயம் வேறு. அப்போது செலாவணி முறிச் சட்டத்தின் 138 ஆம் பிரிவு வரும். வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ், அது கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார் என்ற காலவரிசையில் ஒன்று தவறினாலும் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

காலத்தைப் பற்றிப் பேசுகையில், 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தை மறக்கலாகாது. வாடகைப் பாக்கிக்கு வழக்குத் தொடுக்க, அந்த வாடகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷம். ஒவ்வொரு மாதத்து வாடகைக்கும் தனித்தனியே இந்தக் கணக்கு ஓடுகிறது. தாட்சண்யத்தால் பேசாமலிருந்து, பிறகு விழித்துக்கொண்டு, முதல் சில மாதப் பாக்கியை அப்படியே இழந்தவர்கள் உண்டு. மூன்று வருஷம் முடியுமுன் அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆகையால் அவகாசம் கேட்பவருக்கு அவகாசம் கொடுப்பதில் தவறேயில்லை. அதை எழுத்தில் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள்.

அக்காவுக்காக எழுதிய நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம்தான். வாடகை எந்தெந்த மாதத்துக்கு, சேதம் எதெது, அதற்குச் செலவு எவ்வளவு, முன்பணம் கழித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பவற்றோடு, சுவரின் வெள்ளையும் டைல்ஸும் மோட்டாரும் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதையும் அதில் வெளிப்படையாக எழுதச் சொன்னேன். குறித்த தேதிக்குள் தராவிட்டால் வட்டியும் கோரப்படும் என்ற வாக்கியத்தை வழக்கறிஞர் சேர்த்தார்; வட்டி கேட்கும் உரிமை எழுத்து மூலமான அறிவிப்பிலிருந்து பிறக்கக்கூடும் என்பதால் அது அலங்காரத்துக்கான வாக்கியம் அன்று. ஒப்பந்தத்தில் கண்ட சொந்த ஊர் விலாசம், கடைசியாகத் தெரிந்த விலாசம் இரண்டுக்கும் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்தினோம்.

பதில் வரவில்லை. அதற்காக உடனே வழக்குத் தொடுக்க நான் யோசனை சொல்லவில்லை. 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, வழக்குத் தொடுப்பதற்கு முன்னாலேயே, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக்கொடுத்து மக்கள் நீதிமன்றத்தின் முன் சமரசத்துக்கு முயலலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அந்தச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் எல்லோருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. வாடகையை நம்பி வாழும் எத்தனையோ பெண்மணிகளுக்கு இந்த விஷயம் தெரியாமலே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம். எதிர்த்தரப்பார் வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. வந்து உடன்பட்டால், அங்கே எழுதப்படும் முடிவு சிவில் நீதிமன்றத்தின் டிக்ரிக்குச் சமமானது, அதன்மேல் அப்பீலும் கிடையாது.

அவர் வந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "பாக்கி வைத்தது நான்தான், அம்மா. மறுக்கவில்லை. வெள்ளையடிக்கிற செலவைக் கேட்கமாட்டோம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தபிறகுதான், மேற்கொண்டு பேசலாம் என்று தைரியம் வந்தது" என்றார். கொசுவலை தாம் குடிவந்தபோதே கிழிந்திருந்தது என்று அவர் சொல்ல, அத்தானின் தாளைப் பிரித்துப் பார்த்தோம். "வலை பழையது" என்றே அதில் எழுதியிருந்தது. அக்கா அந்த 2,000 ரூபாயை அங்கேயே விட்டுவிட்டாள். மீதி 31,700 ரூபாயை, நான்கு மாதம் 6,500 வீதமும் ஐந்தாம் மாதம் 5,700-மாக, வங்கி மூலம் செலுத்துவதென்று எழுதிக் கையெழுத்தாயிற்று.

எல்லோரும் இவ்விதம் வந்துவிடுவதில்லை. வராதவர்மேல் வழக்குத்தான் வழி; ஒப்பந்தம் பதிவானதா, தொகை எவ்வளவு என்பவற்றைப் பார்த்து எந்த நீதிமன்றம் என்பதை வழக்கறிஞர் நிர்ணயிப்பார். தமிழ்நாட்டில் 2017-இல் நீதிமன்றக் கட்டணத்தைத் தொகையில் நூற்றுக்கு ஏழரையிலிருந்து மூன்றாகக் குறைத்தது சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. டிக்ரி பெற்றவுடன் பணம் வந்துவிட்டதாக நினைக்கலாகாது. அதை நிறைவேற்றக் கோரித் தனி மனுப் போடவேண்டும், அதற்குப் பன்னிரண்டு வருஷ அவகாசம் உண்டு. சம்பளத்தை ஜப்தி செய்வதானால், முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தொடமுடியாதபடி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. கடனாளியின் குடும்பமும் சாப்பிடவேண்டும் என்று சட்டம் நினைத்திருப்பதைக் குறையாக நான் கருதவில்லை. ஆயினும், வழக்குக்கு முன்பு, அந்த மனிதருக்கு வருமானமோ சொத்தோ உண்டா, அல்லது நிஜமாகவே கையில் ஒன்றுமில்லாதவரா என்று விசாரித்து அறிவது முக்கியம். இல்லாதவர்மேல் பெறும் டிக்ரிக்காகச் செலவிடும் பணமும் மன அமைதியும், அந்த வீட்டைச் சீக்கிரம் செப்பனிட்டு நல்ல குடித்தனத்துக்கு விடுவதில் செலவானால் அதிகப் பிரயோஜனம்.

ஐந்தாம் மாதத் தொகை வந்து சேர்ந்த அன்று, வாடகை, மின்கட்டணம், சேதம் ஆகிய எவ்வகையிலும் இனிப் பாக்கி இல்லை என்று அக்கா ரசீது எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்பினாள். முன்பணத்திலிருந்து கழித்துக்கொண்ட கணக்கின் நகல் ஒன்றையும் அதனுடன் வைத்தாள்; அவர் கேட்கவில்லை, ஆயினும் அது அவருக்குச் சேரவேண்டிய தாள். அந்த மாதமே மாடிக்கு வேறொரு குடும்பம் வந்தது. அவர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சட்டப்படி வாடகை ஆணையத்தில் பதிவு செய்தாயிற்று. புதிய கொசுவலைகளும் புதிய வாஷ்பேசினும் பொருள் பட்டியலில் வாங்கிய தேதியோடும் விலையோடும் ஏறியிருக்கின்றன.